வளையமா, கையா

மார்ச் 3, செவ்வாய்

நாள் முழுக்க மூடிகளோடு மல்லுக்கட்டல். துப்பாக்கியின் மேல் குறி பார்க்கிற தொலைநோக்கியை, அதாவது ஸ்கோப்பைப் பிடித்துக்கொள்ளும் வளையம் இரண்டு பாதியாக வரும். கீழ்ப்பாதி துப்பாக்கி மேலிருக்கும் பல் வெட்டிய ரெயிலைக் கவ்வும், மேல்மூடி ஸ்கோப்பின் குழாயை அமுக்கிப் பிடிக்கும். இரண்டுக்கும் நடுவே இரண்டு பக்கமும் ஒரே அளவு இடைவெளி தெரிய வேண்டும். இல்லையென்றால் குழாயில் வடு விழுந்துவிடும். ஒரு தட்டிலிருந்து நாலைந்து மூடிகளைத் திருப்பி அனுப்பினேன். உலோகம் வெட்டும் மெஷின் ஓட்டுகிற மில்லிங் அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். கண்ணுக்கே தெரியாததற்கு உயிரை எடுக்கிறேனாம். கண்ணுக்குத் தெரிந்தால் அப்புறம் நான் எதற்கு?

முதலாளி நல்ல மனநிலையில் இருக்கிறார். இதுவரை வாங்க வந்தவர்களின் துப்பாக்கியில் பட்டறையிலேயே நாங்களே மாட்டிக் கொடுத்தோம். ஏப்ரல் கடைசியிலிருந்து பெட்டியில் போட்டுக் கடைகளுக்கு அனுப்பப் போகிறார். வாங்குகிறவர்களே மாட்டிக்கொள்வார்கள். என் வரைபடம், என் வளையம். எல்லோரும் கை கொடுத்தார்கள், நானும் சிரித்தேன்.

மாலை அக்கா போன். துப்பாக்கி கிளப்பில் ஞாயிற்றுக்கிழமை சுட்டது சரியில்லையாம், குண்டுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போயிருக்கின்றன. காற்று என்றாள். காற்றைக் குறை சொல்கிறவர்களைக் காலம் காலமாகக் கிண்டல் பண்ணுகிறவள் அவள். ஜனவரியிலிருந்து அவள் ஸ்கோப்பில் இருப்பது என் முதல் ஜோடி வளையம்.

மார்ச் 6, வெள்ளி

அக்கா கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருக்கலாம்.

மார்ச் 8, ஞாயிறு

நானே கிளப்புக்குப் போனேன். துப்பாக்கி கிளப் லாக்கரில்தான் இருக்கும், வெளியே எடுத்துப் போக விட மாட்டார்கள். ஸ்கோப்பை மட்டும் வளையத்தோடு அக்கா கழற்றி ஒரு பழைய துண்டில் சுற்றிக் கைப்பையில் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவாள், குழந்தை மாதிரி. நான் வண்டியை நிறுத்திவிட்டுப் போவதற்குள் மாட்டி முடித்துப் பாயில் படுத்துவிட்டிருந்தாள்.

முதல் குண்டு மேலே. அடுத்தது இடது ஓரம். அதற்கடுத்தது எங்கே என்று கோச் தூரக் கண்ணாடியில் தேடிக் கண்டுபிடித்தார். நேரம் போகப் போகக் குண்டுகள் ஒன்றையொன்று நெருங்கி வந்தன, கடைசியில் சுட்டவை ஒரே இடத்தில். ஆனால் போட்டியில் முதல் குண்டிலிருந்து கணக்கு உண்டே. மனசு எங்கேயோ இருக்கிறது, தூங்குகிறாயா ஒழுங்காக என்று கோச் கேட்டார். ஏப்ரல் கடைசியில் பெரிய போட்டி. அணியில் அக்கா பெயர் இருக்கிறது. இந்த வயதில் இதை விட்டால் அடுத்தது இல்லை என்று அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

கேன்டீனில் காபி வாங்கினோம். அக்கா கப்பை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். நான் பார்ப்பதை அவள் பார்த்துவிட்டாள்.

"காத்து இல்லடி. என் கைதான்."

அப்பாவுக்கும் இந்த வயதில்தான் தொடங்கியது. முதலில் சட்டைப் பொத்தான், அப்புறம் கையெழுத்து. காலையில் கை நடுங்கும், போகப் போக அடங்கும். சரியாகிவிட்டது என்று எல்லோரையும் ஏமாற்றுவார், தன்னையும்தான். கடைசி இரண்டு வருடம் அவருக்கு அக்காதான் சோறு ஊட்டினாள்.

வண்டியில் வரும்போது மீதியையும் சொன்னாள். ஆஸ்பத்திரி லேபில் குழந்தைகளுக்கு ரத்தம் எடுப்பதை நிறுத்திவிட்டாளாம். பிறந்த குழந்தையின் நரம்பைக் கண்டுபிடித்து ஒரே குத்தில் எடுக்கிற கை என்று மாடி வார்டிலிருந்தெல்லாம் அவளைத்தான் கூப்பிடுவார்கள். இப்போது கண் சரியில்லை என்று சாக்குச் சொல்லிப் பக்கத்து மேசைப் பெண்ணிடம் தள்ளிவிடுகிறாள். லேபில் கை நடுங்கியதா என்று கேட்டேன். இல்லையாம். நடுங்கினால் என்ன பண்ணுவது என்று பயமாம்.

மார்ச் 9, திங்கள்

வேலை ஓடவில்லை. ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருக்கிறேன். வளையம் சரியில்லை என்றால் அக்கா கை நன்றாக இருக்கிறது. வளையம் சரி என்றால்—

அதை எழுத மாட்டேன்.

மூன்று வருடம் உட்கார்ந்து வரைந்த வளையம் உருப்படாமல் போக வேண்டும் என்று காலையிலிருந்து வேண்டிக்கொண்டிருக்கிறேன். இப்படி ஒரு வேண்டுதலை யாராவது வைத்திருப்பார்களா?

எங்கே தப்பு இருக்கலாம்? துளை கோணலா? இல்லை, ஒவ்வொரு ஜோடியையும் ஒன்றாகச் சேர்த்தேதான் குடைகிறோம். திருகு தளர்கிறதா? பசை போடுகிறோம். அடியில் இருக்கும் நாக்கு? ரெயிலின் பள்ளத்தில் உட்காருகிற குறுக்குக் கட்டைக்கு எங்கள் பட்டறையில் நாக்கு என்றுதான் பேர். அதை ஒரு மயிரிழை மெலிதாகத்தான் வைத்தேன், எந்தக் கம்பெனி ரெயிலிலும் தடங்கலில்லாமல் உட்காரட்டும் என்று. அதைப் பார்த்துத்தான் முதலாளி முதுகில் தட்டினார். ஆனால் இதுவரை மாட்டிக் கொடுத்ததில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லையே.

மார்ச் 11, புதன்

பாலிஷ் போட்டுத் தருகிறேன் என்று பொய் சொல்லி அக்காவின் ஜோடியையே வாங்கி வந்தேன். கழுதை மேல் ஏற்றினோம். கழுதை என்பது எங்கள் சோதனை மேசை. துப்பாக்கி உதைக்கிற மாதிரியே ஸ்பிரிங் வைத்து உதைக்கும், அதனால் அந்தப் பேர். மில்லிங் அண்ணன்தான் மாட்டினார். கட்டைவிரலால் ஒரு தள்ளு, அப்புறம் இறுக்கத்தை அளக்கிற டார்க் ரென்ச், கிளிக், கிளிக். பக்கத்தில் நகர்வைக் காட்டுகிற டயல் வைத்து முள்ளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கழுதை உதைத்தது. முள் அசையவில்லை. மறுபடி, மறுபடி, மதியச் சாப்பாட்டு மணி அடிக்கிற வரைக்கும். அசையவே இல்லை.

முதலாளி வந்து பார்த்தார். "பிரமாதம்மா" என்றார். அந்தச் சோதனைத் தாளைச் சுவரில் ஒட்டச் சொன்னார். நான் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 12, வியாழன்

வீட்டுக்காரரிடம் சொன்னேன். "செஞ்ச பொருள் பாஸ் ஆயிடுச்சுன்னு அழற முதல் ஆள் நீயாத்தான் இருப்பே" என்றார். சிரிக்க வைக்கப் பார்த்தார். பாவம்.

மார்ச் 14, சனி

வளையத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். பாலிஷ் போடவே இல்லை என்பதை வாங்கின கையோடு கண்டுபிடித்துவிட்டாள்.

"சோதிச்சியா?"

தலையாட்டினேன்.

"எப்படி இருக்கு?"

"நல்லாயிருக்கு."

அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல என் வாய்க்கு என்ன பாடு. அவள் துண்டை விரித்தாள், வளையத்தை வைத்தாள், சுற்றினாள். "நீ பண்ணா நல்லாத்தானடி இருக்கும், மைக்ரான்" என்றாள். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான், அவள் எனக்கு வைத்த பேர். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, இரண்டு பேரும் எழுந்து போகவில்லை.

நரம்பு டாக்டரிடம் ஏப்ரல் 2-ஆம் தேதிக்கு நேரம் வாங்கியிருக்கிறேன் என்று சொன்னேன். வரவே மாட்டேன் என்றாள். தெரிந்துகொண்டு என்ன செய்ய என்றாள்.

மார்ச் 18, புதன்

அணியிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் கையை என்னாலேயே நம்ப முடியவில்லை, மற்றவர்கள் உழைப்பைக் கெடுக்க மாட்டேன் என்று கோச்சிடம் சொல்லியிருக்கிறாள். அவள் இடத்துக்கு ஒரு கல்லூரிப் பெண். பெயர்ப் பட்டியலை மேலே அனுப்பியும் ஆகிவிட்டதாம்.

ஏன்கா இப்படிப் பண்ணே? கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா? யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை. ஆத்திரமாக வருகிறது. அவள் மேல், அப்பா மேல், சுவரில் ஒட்டியிருக்கிற அந்தச் சோதனைத் தாள் மேல்.

மார்ச் 20, வெள்ளி

அப்பாவுக்குச் சோறு ஊட்டியது அக்கா. அக்காவுக்கு நான் ஊட்டுவேன். அதற்காகப் பயமில்லை. அவள் வாயைத் திறப்பாளா என்பதுதான் பயம்.

மார்ச் 22, ஞாயிறு

வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அந்தக் கல்லூரிப் பெண்ணின் ஸ்கோப் மட்டமாம். என்னுடையதை வைத்துக்கொள்ளட்டும் என்று அக்கா சொல்லிவிட்டாள். அவள் அப்படித்தான். கொடுத்துவிட்டு வரலாம், கூட வா என்றாள். இன்றைக்குத்தான் அவள் மாட்டுவதை முதல் முதலாகப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

வளையத்தை ரெயிலில் உட்கார வைத்தாள். திருகைச் சேர்த்தாள். அப்புறம் இரண்டு விரலால் ஸ்கோப்பைத் தன் பக்கம், தோள்பட்டைப் பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு முறுக்கினாள்.

அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"இப்ப என்ன பண்ணே?"

"என்ன பண்ணேன்? இழுத்து வெச்சு முறுக்கினேன். நீதான லூசா விடாத, ஒரு பக்கமா ஒதுக்கிட்டு முறுக்குன்னு சொன்னே."

சொன்னேன். எந்தப் பக்கம் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லையே! பட்டறையில் எல்லோருடைய கட்டைவிரலும் தானாகவே குழல் வாய்ப் பக்கம் தள்ளும். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. துப்பாக்கி பின்னால் உதைக்கும்போது ஸ்கோப் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும், பஸ் கிளம்பும்போது நிற்கிறவர் பின்னால் சாய்கிற மாதிரி. அதாவது ரெயிலின் மேல் முன்னால் நழுவும். முன்னாலேயே தள்ளி நாக்கைப் பள்ளத்தின் சுவரில் முட்ட வைத்துவிட்டால் நழுவ இடமில்லை. நாங்கள் உதையை நினைத்துத் தள்ளுகிறோம். சுடுகிறவள் உதையையா நினைப்பாள்? கண்ணை நினைப்பாள். கண்ணுக்குக் கிட்டே வரட்டும் என்று இழுப்பாள்.

அவள் இழுத்தால் நாக்குக்கு முன்னால் நான் விட்ட அந்த மயிரிழை இடம் காலி. ஒவ்வொரு வெடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நகரும், முன் வளையம் ஒரு மாதிரி, பின் வளையம் ஒரு மாதிரி. சுவரில் போய் முட்டிய பிறகு நிற்கும். அதனால்தான் கடைசிக் குண்டுகள் மட்டும் ஒரே இடத்தில் போயின. அதைப் பார்த்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் அப்பாவை நினைத்துக்கொண்டோம்.

அங்கேயே சுட்டுப் பார்க்க நேரம் கொடுக்கவில்லை, அன்றைய முறை முடிந்து கதவைப் பூட்டிவிட்டார்கள். ஸ்கோப்பை அந்தப் பெண்ணிடம் கொடுக்காமல் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள். அக்காவிடம் காரணம் சொல்லவில்லை. இதுவும் பொய்யாகப் போய்விட்டால்?

மார்ச் 23, திங்கள்

யாரும் வருவதற்கு முன் பட்டறைக்குப் போனேன். அக்கா மாதிரியே இழுத்து முறுக்கினேன். கழுதையைத் தட்டிவிட்டேன்.

முள் நகர்ந்தது.

மறுபடி. நகர்ந்தது. தெய்வமே, நகர்ந்தது. என் வளையம் கெட்ட வளையம்! மில்லிங் அண்ணன் உள்ளே வந்து, நான் கழுதையைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, திரும்பி வெளியே போய்விட்டார்.

அக்காவுக்குப் போன் போட்டேன். மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினேன். அப்புறம் மெதுவாக, "என்னைத் தேத்தறதுக்காக உன் வேலைய மட்டம் தட்டிக்காதடி" என்றாள். வைத்துவிட்டாள்.

மார்ச் 26, வியாழன்

நம்ப மறுக்கிறாள். கழுதையை வந்து பார் என்றால், அது உன் கழுதை, நீ சொன்னபடி கேட்கும் என்கிறாள். கடைசியில் ஒரு வழி அவளே சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை நான் மாட்ட வேண்டும், அவள் பார்க்க மாட்டாள். எப்படி மாட்டினேன் என்று நான் வாயைத் திறக்கக் கூடாது. சுட்டுவிட்டு அவள் சொல்வாள்.

சரி என்றேன். அவள் தப்பாகச் சொல்லிவிட்டால், முள் நகர்ந்தும் பிரயோஜனமில்லை.

மார்ச் 29, ஞாயிறு

கோச் சாட்சி. அக்கா சுவரைப் பார்த்து நின்றாள். முதல் தடவை இழுத்து மாட்டினேன். வேண்டுமென்றே முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டேன், வீட்டுக்காரர் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.

படுத்தாள், சுட்டாள். கோச் கண்ணாடியில் பார்த்து, மேலே ஒன்று, இடதில் ஒன்று என்றார். அக்கா எழுந்து வந்து, இழுத்திருக்கிறாய் என்றாள்.

மறுபடி சுவர். இந்தத் தடவை கட்டைவிரலால் குழல் வாய்ப் பக்கம் தள்ளினேன், முறுக்கினேன். என் கையிலிருந்துதான் ரென்ச் ஒரு தடவை நழுவி விழுந்தது. அக்கா படுத்தாள். ஒரு குண்டு. அடுத்தது. அடுத்தது. கோச் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார், மறுபடி கண்ணாடிக்குப் போனார். ஐந்தும் முடிந்தது. அக்கா எழுந்திருக்கவில்லை. கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் சாய்த்தபடியே கிடந்தாள்.

தாளை நான்தான் போய் எடுத்து வந்தேன். ஐந்து ஓட்டையையும் ஒரு தீப்பெட்டியால் மூடிவிடலாம். அவள் உட்கார்ந்து, அதை மடியில் வைத்து, விரலால் ஒவ்வொன்றாகத் தடவினாள்.

"அப்ப இது என் கைதான்" என்றாள்.

மூன்றாவது தடவை மாட்டச் சொல்லவே இல்லை. இரண்டு பேரும் அந்தப் பாயிலேயே உட்கார்ந்து அழுதோம். கோச் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, பட்டியலை மாற்ற முடியாதே, அனுப்பியாகிவிட்டதே என்று திரும்பத் திரும்பப் புலம்பினார். என் வளையத்தால் போன இடம் அது. அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு, "போனா போகட்டும் சார், கை இருக்கு" என்றாள்.

மார்ச் 30, திங்கள்

முதலாளியிடம் சொன்னேன். முகம் சிவந்துவிட்டது. நாம் மாட்டினதில் ஒன்றுகூடக் கெடவில்லையே என்றார். பெட்டிக்குள் போய் நாம் உட்கார முடியாதே என்றேன். வளையத்தில் ஒரு அம்புக்குறி போடு, ஒரு சீட்டு அடித்து உள்ளே வை, முடிந்தது கதை என்றார்.

சீட்டை யார் படிப்பார்கள்? பெட்டியைப் பிரித்ததும் முதலில் குப்பைக்குப் போவது அதுதான். என் சொந்த அக்காவே, நான் நேரில் சொல்லியும், இழுத்துத்தான் மாட்டினாள். தப்பு அவள் மேலா? இழுக்க இடம் விட்டது யார்? எங்கள் கை போனால்தான் சரியாக நிற்கும் என்றால் அது நல்ல வளையமே இல்லை. இதையெல்லாம் இவ்வளவு கோர்வையாகச் சொல்லவில்லை, குரல் உடைந்து கத்தித்தான் சொன்னேன். நாக்கை மாற்றாமல் பெட்டி போகக் கூடாது, போவதென்றால் என் வரைபடம் இல்லாமல் போகட்டும் என்றும் சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன்? நாளைக்கு வேலை இருக்குமா?

மார்ச் 31, செவ்வாய்

வேலை இருக்கிறது. முதலாளி பேசவில்லை. சுவரிலிருந்த சோதனைத் தாள் மட்டும் இல்லை, அவரே கிழித்திருக்கிறார். மாற்றிக்கொள் என்று அர்த்தம் என்றார் மில்லிங் அண்ணன்.

ஏப்ரல் 2, வியாழன்

டாக்டரிடம் அக்கா தானாகவே கிளம்பி வந்தாள். பயம் போன பிறகுதான் போக முடியும்போல. கையை நீட்டச் சொன்னார், மடக்கச் சொன்னார், நடக்கச் சொன்னார், சுருள் கோடு வரையச் சொன்னார். ஒன்றுமில்லை, காபியைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார். வெளியே வந்ததும் நேராகக் காபிக் கடைக்குத்தான் போனோம்.

ஏப்ரல் 9, வியாழன்

நாக்கை ஆப்பு மாதிரி சரிவாக வரைந்தேன். முறுக்க முறுக்க அது பள்ளத்தின் இரண்டு சுவரையும் தானே தேடிப்போய் அடைத்துக்கொள்ள வேண்டும். ரெயில் எந்தக் கம்பெனியாக இருந்தாலும் சரி, இடமே மிச்சமிருக்கக் கூடாது. மில்லிங் அண்ணன் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, சரிவு வெட்டுவது என்ன விளையாட்டா என்று கத்தினார். வெட்டிக்கொண்டும் இருக்கிறார்.

ஏப்ரல் 17, வெள்ளி

கழுதை மேல் தள்ளி மாட்டினேன், இழுத்து மாட்டினேன். முள் நிற்கிறது. ஆனால் நான் மாட்டினது கணக்கில்லை.

ஏப்ரல் 26, ஞாயிறு

இன்று அந்தப் பெரிய போட்டி. கல்லூரிப் பெண் அக்காவின் ஸ்கோப்போடு போயிருக்கிறாள். வளையத்தை அக்காவே தள்ளி மாட்டிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். போட்டி நேரத்தில் தனியாக இருக்க வேண்டாம் என்று அவளை இங்கே கூப்பிட்டிருந்தேன். சாப்பாட்டு மேசையில் ஒரு ரெயில் துண்டைப் பிடிகருவியில் இறுக்கி, புது வளையத்தை அவள் முன்னால் வைத்தேன். தப்பாக மாட்டு என்றேன்.

வஞ்சம் தீர்க்கிற மாதிரி இறங்கினாள். இழுத்து முறுக்கினாள். சாய்த்து முறுக்கினாள். ஒரு திருகை முழுக்க இறுக்கிவிட்டு மற்றதைத் தொடாமல் விட்டாள். முன்பின்னாகத் திருப்பிப் போட்டுப் பார்த்தாள். ஒவ்வொரு தடவையும் நான் டயலை வைத்து மரச் சுத்தியலால் தட்டினேன். வீட்டுக்காரர் முள்ளைப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தார், அறிவிப்பாளர் மாதிரி. ஒரே எண்ணைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அக்கா திருகு முறுக்குகிற ஆலன் கீயை மேசையில் போட்டாள்.

"தப்பா மாட்டவே வரலியேடி" என்றாள்.

மூன்று வருடமாக இந்த வளையத்தை யார் யாரோ பாராட்டியிருக்கிறார்கள். ஒன்றும் ஞாபகமில்லை.

அதற்குள் அவள் போன் அடித்தது. லேபிலிருந்து. மாடி வார்டில் நேற்றுப் பிறந்த குழந்தையாம், நரம்பு கிடைக்கவில்லையாம். அக்கா ஒரு கையில் நிறைந்த காபிக் கப், ஒரு கையில் போன், எழுந்து நின்றுகொண்டே திட்டினாள். "யாரும் இன்னொரு தடவை குத்தாதீங்க, நான் வரேன்." கப்பை வைத்தாள், செருப்பை மாட்டினாள், போய்விட்டாள். மேசைத் துணியில் ஒரு சொட்டுக் காபிகூடச் சிந்தியிருக்கவில்லை. நான் அதைத்தான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.